குதிகால் சுண்ணாம்பு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் வில்வண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சைக்கிளில் வந்தார். வண்டி வந்து நின்று, மாடுகளை அவிழ்த்து வைக்கோல் போட்டு, வந்தவர்கள் கால் கழுவிப் பாயில் உட்கார்ந்து, முறுக்கும் பழமும் பாதி தீர்ந்த பிறகு அவர் வந்து சேர்ந்தார். இத்தனைக்கும் அவர்கள் ஊர் பூதப்பாண்டியிலிருந்து எங்கள் ஊர்வரை ஒரு மேடு கிடையாது. இரண்டு பக்கமும் வயல், நடுவில் ரோடு. "மாப்பிள்ளைக்கு எதுலயும் அவசரம் கெடையாது போல" என்று என் அப்பா சொன்னார். அதை அவர்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் கேலி ஓயவில்லை. சந்தைக்குப் போனால் மற்றவர்கள் சாமான் வாங்கித் திரும்பும்போது இவர் அப்போதுதான் எதிரே போய்க்கொண்டிருப்பார். ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள். நெல்மூட்டையைத் தோளில் ஏற்றினால் முகம் வெளுத்துவிடும். "இவன என்னத்துக்குன்னு வளத்தோம்" என்று அவருடைய அண்ணன் நாலு பேர் முன்னால் சொல்வார். இவர் சிரித்துக்கொண்டே சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவார். 

மேடு வந்தால் அந்த மனுஷன் வேறு. புதிதாகக் கல்யாணமாகியிருந்த சமயம், தடிக்காரன்கோணம் தாண்டி ஓர் உறவு வீட்டுக்குப் போனோம். என்னைக் கேரியரில் உட்காரவைத்திருந்தார். மலையடிவாரத்தில் ரோடு நிமிரத் தொடங்கியதும் நான் இறங்கிக்கொள்ளப் பார்த்தேன். "இரு" என்றார். ஏறி முடியும்வரை வேறு பேச்சில்லை. எழுந்து நின்று மிதிக்கவில்லை, இழுத்து மூச்சு வாங்கவில்லை. ஆட்டுரலில் அரைக்கிற கை மாதிரி ஒரே சீராக இரண்டு காலும் சுற்றின. முன்னால் சிலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவர்களை நாங்கள் தாண்டியபோது எனக்கு வந்த கர்வத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மகாராணி மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

நாஞ்சில் நாட்டில் மேடேறத் தெரிந்து யாருக்கு என்ன பிரயோசனம்? வயலில் மேடு இல்லை. ஆனால் அந்த மலையில் ஒரு எஸ்டேட் இருந்தது. அதற்கு அப்போது பஸ் கிடையாது. அரிசி ஏற்றிக்கொண்டு எப்போதாவது ஒரு லாரி போகும். மற்றபடி தபால் பை, பேப்பர், ரொட்டி, மருந்து எல்லாவற்றையும் அடிவாரத்திலிருந்து தினமும் ஓர் ஆள் சைக்கிளில் மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடந்து போகிறவன் போனால் மத்தியானம் ஆகிவிடும். ரொட்டியும் காய்ந்துவிடும், துரையின் முகமும் கறுத்துவிடும். அதனால் அந்த வெள்ளைக்காரத் துரை ஒரு ஏற்பாடு செய்தான். பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துச் சப்பாத்துப் பாலத்திலிருந்து பங்களா வாசல்வரை சைக்கிள் பந்தயம். முதலில் வருகிறவனுக்கு அடுத்த பங்குனிவரை தபால்காரன் வேலை. வேலையோடு அடிவாரத்தில் ஒரு வீடும் உண்டு. சுதந்திரம் வந்து துரை ஊருக்குப் போய், எஸ்டேட் கோட்டயத்து முதலாளி ஒருவர் கைக்கு மாறின பிறகும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை.

பந்தயத்துக்கு ஒரே ஒரு விதிதான். கால் குத்தக் கூடாது. வேகமாகப் போகலாம், மெதுவாகப் போகலாம், ரோட்டில் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து ஏறலாம். கால் தரையில் பட்டால் அவன் பந்தயத்தில் இல்லை. வளைவுக்கு வளைவு ஆள் நிறுத்திப் பார்க்க யாரால் முடியும்? எஸ்டேட் கணக்கப்பிள்ளை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். புறப்படுவதற்கு முன் எல்லாரையும் வரிசையாக மதிலில் உட்காரவைத்து, ஒவ்வொருவன் குதிகாலிலும் சுண்ணாம்பைத் தடவி உலரவிடுவார். எல்லாரும் வெறுங்கால்தான். முன்பாதத்தால் மிதிக்கிறவனுக்குக் குதிகால் எதிலும் படாது. ஏற்றத்தில் கால் குத்தி சைக்கிளைத் தாங்குகிறவன் குதிகாலை ஊன்றித்தான் ஆகவேண்டும். அங்கே அது செம்மண் ரோடு. மேலே போனதும் கணக்கப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்ப்பார். வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் முதல் தடவை ஜெயித்தபோது அவருடைய அண்ணன் நம்பவில்லை. அடுத்த வருடமும் ஜெயித்தார். அதற்கடுத்த வருடமும். சமதரையில் அவரை முந்திப் போகிற பயல்கள் எல்லாம் ஆனைக்கல் வளைவு வந்ததும் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாகக் காலைக் குத்துவார்கள். அந்த மலையிலேயே செங்குத்தான வளைவு அது. ஒரு பக்கம் யானை படுத்த மாதிரி ஒரு பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே கால் குத்தாமல் ஏறிவிட்டால் மற்றது ஒன்றுமில்லை என்பார்.

எனக்குப் பந்தயம் பெரிதில்லை. எனக்கு அந்த வீடுதான் பெரிது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, பின்னால் ஒரு பலாமரம், மரத்தடியில் ஓடைத் தண்ணீர். பூதப்பாண்டியில் அவருடைய அண்ணன் வீட்டில் நெல் போட்டு வைக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் நாங்கள் இருந்தோம். எலியும் நாங்களும் ஒரே குடும்பம். சாவிக்கொத்து இவருடைய மதினி இடுப்பில். தாளிக்க எண்ணெய் வேண்டுமென்றால் அவள் வந்து ஊற்றிவிட்டுப் போகும்வரை சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். இங்கே என் அடுப்பு, என் எண்ணெய்ப் பரணி. எப்போது பசிக்கிறதோ அப்போது சமைப்பேன். என் மகள் அந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். ஒவ்வொரு பங்குனியும் எனக்குப் பயம்தான். தோற்றால் சித்திரை விஷு கழிந்த மறுநாள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், மறுபடியும் எலி, மறுபடியும் மதினி.

கடைசியாக நடந்த பந்தயத்தைச் சொல்கிறேன். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையன்று குருத்தோலைப் பெருநாள் வந்தது. கிறிஸ்தவரான முதலாளி கோயிலுக்குப் போக வேண்டுமென்று பந்தயத்தை முந்தின நாள், சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் அன்று விடிந்ததும் வழக்கம்போல நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனார். எங்கள் பக்கத்து ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காவிட்டால் அது சனிக்கிழமையே இல்லை.

"இன்னைக்கு ஒரு நாள் எண்ண வேண்டாமே. ஒடம்பு அசந்து போவும்லா?" என்றேன்.

"எண்ண தேய்க்காம மல ஏறுனா சூடு கண்ணுல கேறும். நீ போயி கஞ்சிய எறக்கு" என்றார்.

தலையில் வைத்து, கையில் தேய்த்து, காலில் தேய்த்து, கடைசியில் குதிகாலுக்கு வந்தார். வருடம் முழுக்க வெறுங்காலில் நடந்து அவருக்குக் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்புக்குள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைப்பார். அன்றும் ஊறவைத்தார். பிறகு சீயக்காய் போட்டு ஓடையில் குளித்தார். உடம்பு எண்ணெய் போய்விட்டது. வெடிப்புக்குள் போன எண்ணெய் எப்படிப் போகும்? சுண்ணாம்பு என்கிற நினைப்பு அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்டேட் லாரியில் முன்னதாகவே மேலே போய்விட்டேன். பங்களா வாசலில் ஏற்கெனவே கூட்டம். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. கடைசி வளைவில் முதலில் தெரிந்தது என் வீட்டுக்காரரின் தலை. எழுந்து மிதிக்காமல், அலட்டாமல், அதே அரைக்கிற கை. அவருக்குப் பின்னால் குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். ரப்பர் வெட்டுகிறவன், நல்ல தேகக்கட்டு, இரண்டு வருடமாக இரண்டாவதாக வருகிறவன். அவனுக்குப் பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் ஆனைக்கல்லிலேயே நின்றுவிட்டார்கள். இவர் வாசலைத் தொட்டு, சீட்டில் இருந்தபடியே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வருடமும் வீடு எங்களுக்குத்தான் என்று நான் பெருமூச்சு விட்டேன்.

கணக்கப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இடது காலைப் பார்த்தார். வலது காலைப் பார்த்தார். மறுபடி இடது காலைப் பார்த்தார். இரண்டு குதிகாலிலும் வெள்ளை இல்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன வேய் இது?"

என் வீட்டுக்காரரும் காலைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"எண்ண" என்றார். "இன்னைக்குச் சனிக்கெழமல்லா. எண்ண தேச்சுக் குளிச்சேன். பொரிஞ்சு உதுந்து போச்சு. நான் கால் குத்தல கேட்டேரா."

கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை. அவரும் அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்தான், நெற்றியில் மினுங்கியது. தாடையைச் சொறிந்துகொண்டார். "நீரு சொல்லுதது நெசமா இருக்கலாம். இத நான் ஒத்துக்கிட்டம்னா அடுத்த வருசம் ஒவ்வொருத்தனும் எண்ணய ஊத்திக்கிட்டு வருவான், எல்லா வளவுலயும் கால் குத்துவான். அப்பம் நான் என்ன செய்ய?" என்றார். பிறகு அந்தக் குலசேகரத்துப் பையனிடம் திரும்பினார். "நீ பின்னாலேயேதான வந்தே? இவரு கால் குத்துனத பாத்தியா, பாக்கலியா? ஒரு வார்த்த சொல்லு."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவன் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தல நிமித்திப் பாக்கல" என்றான்.

இருக்கலாம்தான். மேடேறுகிறவன் தலையைக் குனிந்துகொண்டுதான் ஏறுவான். ஆனால் அவன் அந்த வார்த்தையைச் சொன்ன குரலை நான் கேட்டேன். இவர் கால் குத்தாததை அவன் பார்த்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் குதிகால் வெள்ளைவெளேரென்று இருந்தது. அவர்கள் பக்கம் சனிக்கிழமைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வேலையும் வீடும் அவனுக்கு என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் திருப்பினார், மகளை வாங்கி முன்கம்பியில் உட்காரவைத்தார். என்னைப் பார்த்து, "வா, இறக்கம்தான்" என்றார். மலை இறங்கி முடியும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். கேரியரில் உட்கார்ந்திருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது என்று அப்போது நினைத்தேன்.

விஷுவன்று அந்த வீட்டில் கடைசியாகக் கணி வைத்தேன். மறுநாள் வண்டி வந்தது. சாமான் ஏற்றிய பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு பலாமரத்துக்குப் போனேன். பழுத்தது, காய், பிஞ்சு என்று ஒன்று விடாமல் வெட்டி வண்டியில் போட்டேன். அந்தப் பையனின் அம்மா மரச்சீனிக் கிழங்கு மூட்டையோடு அப்போதுதான் வந்து சேர்ந்தாள். தலை நரைத்த, மெலிந்த மனுஷி. "பிஞ்சையாவது விட்டுவச்சிருக்கலாமே மக்களே" என்றாள். நான் அரிவாளை வண்டியில் போட்டேன். இன்றைக்கும் அந்தப் பிஞ்சுகளுக்காக எனக்கு வருத்தம் கிடையாது.

பூதப்பாண்டியில் அதே அறை, அதே எலி. என் வீட்டுக்காரர் அண்ணனின் வயலுக்கு உரமூட்டை சுமந்துகொண்டு போனார். சமதரையில் எப்போதும்போல எல்லாருக்கும் கடைசியாகப் போனார். வீடு போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில், வாய்க்கால் கரையில், முடிவெட்டுகிற இடத்தில் எங்கே போனாலும் யாராவது ஒருத்தன் கண்ணைச் சிமிட்டி, "வேய், நெசமாட்டு கால் குத்தலியா?" என்று கேட்பான். "குத்தல" என்பார். "சரி சரி" என்று அவன் சிரிப்பான். அந்தச் 'சரி சரி' அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சாப்பாடு குறைந்தது. சைக்கிள் துரு ஏறிச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

ஒருநாள் என்னிடமே கேட்டார். "நீயாவது நம்புதியா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நம்பாமலா இந்த எலி நாத்தத்துல கெடக்கேன்?" என்றேன். அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. ஆனாலும் பெண்டாட்டி நம்புவது கணக்கில் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த பங்குனி வருவதற்குள் அந்த மலை ரோட்டை வெட்டி அகலமாக்கினார்கள். நாகர்கோவிலிலிருந்து எஸ்டேட்வரை ஒரு பஸ் விட்டார்கள். தபால் பை, பேப்பர், ரொட்டி எல்லாம் பஸ்ஸில் ஏறிக்கொண்டன. பங்குனி வந்தது, பந்தயம் இல்லை. யாரும் அதை நிறுத்துவதாகச் சொல்லவும் இல்லை. தேவைப்படவில்லை, நடக்கவில்லை, அவ்வளவுதான். குலசேகரத்துப் பையனுக்கும் வேலை போய்விட்டது, அடிவாரத்து வீட்டை எஸ்டேட்காரர்கள் பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்டதும் மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ராத்திரி, கிழங்கு மூட்டையோடு வந்த அந்த நரைத்த தலை ஞாபகம் வந்தபோது அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

இந்த ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் அது. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, "பஸ்ஸுல மேல வரைக்கும் போயிட்டு வருவமா?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கண்டக்டரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, தோளில் பை. அந்தக் குலசேகரத்துப் பையன். அவனும் எங்களைப் பார்த்தான். டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தான்.  அடிவாரத்து வீட்டைத் தாண்டும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். பலாமரம் மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது, காய்த்துக் குலுங்கியது.

ஏற்றம் தொடங்கியதும் என் வீட்டுக்காரரின் முழங்கால்கள் தன்னாலேயே மேலும் கீழும் அசைந்தன. ஒவ்வொரு வளைவுக்கும் பஸ் உறுமி உறுமி ஏறியது. ஆனைக்கல் வந்ததும் முக்கி முனகி நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினார்.

"எல்லாரும் எறங்கிக்கிடுங்க. வளவு தாண்டி ஏறிக்கிடலாம்" என்றான் கண்டக்டர். தினமும் நடப்பதுதான் போல. எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள், கோழிக்கூடையோடு ஒரு கிழவர் எல்லாரும் இறங்கினார்கள். நானும் மகளோடு இறங்கினேன். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.

"ஓய், உமக்குத் தனியா சொல்லணுமா?" என்று டிரைவர் சத்தம் போட்டார்.

"வேற எங்க வேணும்னாலும் எறங்குதேன். இங்க எறங்க மாட்டேன்" என்றார் இவர். குரலை உயர்த்தவில்லை. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் சிரித்தார்கள். டிரைவர் எழுந்து வரப் பார்த்தார். கண்டக்டர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றான். ஒரு நிமிஷம் பஸ்ஸின் முன்சக்கரத்தையே பார்த்தான், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. அப்புறம் தலையை நிமிர்த்தினான்.

"அண்ணன் இருக்கட்டு" என்று டிரைவரிடம் சொன்னான். பிறகு வெளியே நின்றவர்களைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "அவரு இந்த வளவுல ஒருக்காலும் கால் குத்தினது இல்ல. கடசிப் பந்தயத்துக்கு நான் தொட்டுப் பின்னால வந்தேன். என் கண்ணால பாத்தேன்."

கேட்கவேண்டிய கணக்கப்பிள்ளை அங்கே இல்லை. பூதப்பாண்டிக்காரன் ஒருத்தனும் இல்லை. அந்தப் பெண்களுக்கு அவன் எதைச் சொல்கிறான் என்றே தெரியாது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இப்பம் சொல்லுத வாயி அன்னைக்கு எங்க போச்சு?" என்றேன்.

அவன் ஒளிக்கவில்லை. "அன்னைக்கு எங்களுக்கும் வீடு வேணும்லா அக்கா" என்றான்.

 எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது. வீடு அவனுக்கும் நிலைக்கவில்லை, எனக்கும் திரும்பி வரப்போவதில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் நடந்தேன். பின்னால் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். டிரைவரைத் தவிர உள்ளே ஒரே ஒரு ஆள்தான். இரண்டு காலையும் தூக்கி முன்சீட்டுக் கம்பிமேல் வைத்துக்கொண்டு, தரையில் படாமல் என் வீட்டுக்காரர் ஆனைக்கல் வளைவைத் தாண்டிப் போனார். அன்றும் சனிக்கிழமை. குதிகால் இரண்டும் எண்ணெயில் மினுங்கின.